வீரசிங்கம் சொன்ன விமானப் படம்

பதுளை, 8 பெப்ரவரி 1929

கொழும்பில் நான் பார்த்துவிட்டு வந்த விமானச் சண்டைப் படம் இங்கேயே வருகிறது. கூடாரம் அடித்துவிட்டார்கள். கடைக்கு வருகிறவர்களிடம் சேலையை விரிப்பதற்கு முன் படத்தைத்தான் சொல்கிறேன்: "கட்டாயம் பாருங்க. ஆகாயத்துல சுட்டு வீழ்த்தினவனே கீழ எறங்கி, விழுந்த எதிரிக்குத் தண்ணி குடுப்பான்."

11 பெப்ரவரி

ஊமைப் படம் என்பதால், திரையோரம் நின்று தமிழில் கதை சொல்ல ஆள் வைத்திருக்கிறார்கள். வேறு யார், வீரசிங்கம்! பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன். இந்தக் கதையை அவனுக்கு முதலில் சொன்னதே நான்தான். என்னை ஏன் யாரும் கேட்கவில்லை?

12 பெப்ரவரி

தனலெட்சுமியை அழைத்துப் போனேன். தண்ணீர் கொடுக்கும் இடத்தில் வீரசிங்கம் குரலைத் தாழ்த்தினான்; கூடாரமே மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது. வீடு வரும்வரை இவள் ஓயவில்லை. "வீரசிங்கம் அண்ணன் சொல்லச் சொல்ல, நானே மேல பறக்குற மாதிரி இருந்துச்சுங்க." இதே கதையை நான் சொன்னபோது அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே "ம்" என்றாள். என் பெண்டாட்டிதானே இவள்?

13 பெப்ரவரி

கடையில் மனம் ஒட்டவில்லை. வருகிறவர்கள் வாயில் எல்லாம் அவன் பேச்சுத்தான்.

16 பெப்ரவரி, சனி

செய்யக்கூடாததைச் செய்துவிட்டேன். தெமோதரைத் தேயிலைத் தோட்டத்துக் கங்காணி வீரய்யா கடைக்கு வந்தார். நாளைக்கு லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் ஜனம் நாற்பது பேரைப் படத்துக்குக் கூட்டி வரப்போவதாகச் சொன்னார். என் வாய் தானாகப் பேசியது: "வராதீங்க. மெஷின் பழுதாம்."

"அப்படிங்களா? நல்லவேளை சொன்னீங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். என்னைப் போய்க் கும்பிட்டார்!

18 பெப்ரவரி

கூடாரத்தைப் பிரித்துவிட்டார்கள். வீரசிங்கம் வந்தான்.

"நேத்துதான் கடைசி, சண்முகம். தோட்டத்து ஆளுங்க வருவாங்கன்னு வழியையே பாத்துக்கிட்டு நின்னேன். நம்ம சனமும் ஒரு தடவை பாக்கட்டும்னுதான் இந்த வேலைக்கே ஒத்துக்கிட்டேன்."

தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

"ஏண்டா?" என்றான்.

"நீ நல்லா சொன்னே. அதான்."

கடைப்படி இறங்கிப் போய்விட்டான்.

24 பெப்ரவரி, ஞாயிறு

தெமோதரைக்குப் போய் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்று வீரசிங்கத்துக்குச் சேதி அனுப்பியிருந்தேன். ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தான். என்னோடு ரயில் ஏறி, எதிர் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டான்.

நான் சொன்னதைக் கேட்டு வீரய்யா திட்டியிருந்தால் தேவலை. "படந்தான் போச்சு. கதையையாவது சொல்லுங்க ஐயா" என்றார். லயத்துக்கு முன்னால் ஜனம் கூடிவிட்டது. ஆரம்பித்தேன். முதல் விமானம் கிளம்புவதற்குள் நாக்கு ஒட்டிக்கொண்டது. சின்னப்பிள்ளைகள் எழுந்து ஓடத் தொடங்கினார்கள். வீரசிங்கம் என் தோளைத் தொட்டு, நான் விட்ட இடத்திலிருந்து எடுத்தான்.

ஜனங்களோடு தரையில் உட்கார்ந்தேன். வயிறு இன்னும் எரிந்தது. கதை முழுவதும் தெரிந்திருந்தும், அடுத்து என்ன சொல்வான் என்று அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.