முதுகில் மூன்று பெயர்

அன்பு மகள் மார்வாவுக்கு,

நானும் உன் அப்பாவும் நலம். சியாட்டில் மழையில் நீயும் மாப்பிள்ளையும் சளி பிடிக்காமல் இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும். நீ கேட்ட பக்கத்து வீட்டு விஷயம்: வீட்டைப் பெயர் மாற்றும் காகிதம் இன்னும் பதிவாகவில்லை. இன்று காலை போன் செய்தபோது கவுண்டி என்ற மாவட்ட அலுவலகத்தின் பதிவுப் பிரிவுப் பெண்ணே தேடிப் பார்த்துச் சொன்னாள். ஆகவே ஓசெல்லாவின் பேத்தி ஜனெல் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். ஓசெல்லா உயில் எழுதாமல் போய்விட்டாள் அல்லவா, நீதிமன்றம் போகாமல் வீட்டை வாரிசுகள் பெயருக்கு மாற்ற இங்கே ஒரு வழி உண்டு, சொத்தில் பங்கில்லாத, குடும்பத்தை நெடுநாள் அறிந்த இரண்டு பேர், இறந்தவருக்கு இன்னின்னார் பிள்ளைகள் என்று நோட்டரி முன்னால் சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டும். அவள் மூத்த மகன் ராய்ஸ் என்னையும் நம் சபை மூப்பர் டீக்கன் குளோவிஸையும் கேட்டான். நானும் சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன்.

ஞாயிறு மதியம் ஒரு டப்பா பொரித்த கோழியோடு வந்தான். காகிதத்தை வாங்கி வாசித்தேன். ராய்ஸ், வெர்னா, இரண்டே பிள்ளைகள். இந்தத் தெருவில் உனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்த இளைய மகன் லமார் அதில் பிறக்கவே இல்லை. லமார் இல்லையென்றால் அவன் மகள் ஜனெலுக்குப் பங்கும் இல்லை, படுக்க இடமும் இல்லை. கடைசி மூன்று வருடம் ஓசெல்லாவைக் குளிப்பாட்டித் துடைத்தவள் அவள்தான், இந்த இரண்டு பேரும் ஈஸ்டருக்கு வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனவர்கள். லமார் எங்கே என்று கேட்டேன். "மிஸ் வில்லா, செத்துப்போனவனுக்கு எதுக்கு வீடு? வாங்க ஆளு ரெடியா நிக்கிறான், சும்மா ஒரு கையெழுத்துதானே" என்று சிரித்தான்.  டப்பாவை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். கோபமாகத் திரும்பி நடந்தான் பார், அவன் போட்டிருந்தது போன கோடையில் குடும்ப ஒன்றுகூடலுக்கு அவனே அடித்துக் கொடுத்த மஞ்சள் டி-ஷர்ட். முதுகில் 'ஓசெல்லாவின் பிள்ளைகள்' என்று கொட்டை எழுத்தில், கீழே ராய்ஸ், வெர்னா, லமார். "ராய்ஸ், உன் முதுகை நீயே ஒரு தடவ படிச்சுப் பாருடா" என்று கத்தினேன். தெருவே சிரித்தது. அவனுக்கு அப்போதும் வெட்கமில்லை, வேறு சாட்சி தேடுகிறானாம்.

அவனைவிட டீக்கனைப் பார்த்தால்தான் எனக்கு அதிக அருவருப்பு. "அவங்க வீட்டுச் சண்டை நமக்கெதுக்கு, சிஸ்டர்? நான் போட்டுடலாம்னு இருக்கேன்" என்கிறார். "லமாரை ஞானஸ்நானத் தொட்டியில முக்கி எடுத்த கை உங்க கைதானே, டீக்கன்? அன்னைக்கு யாரை முக்கினீங்க?" என்றேன்.  உன் அப்பா என்னை அமைதியாக இருக்கச் சொல்கிறார், முடியவில்லை.

ஜனெலுக்கு நீ போன் செய். நான் கேட்டால் நல்லா இருக்கேன் ஆன்ட்டி என்று மட்டும்தான் சொல்வாள், உன்னிடம் அழுவாள். லமார் பெயரும் அவள் பெயரும் சேர்ந்த காகிதத்தை அவளுக்கு எழுதித் தர ஏற்பாடு செய்துவிட்டேன், என் கையெழுத்து அதற்குத்தான். இரண்டாவது கையெழுத்துக்கு டீக்கனைக் கேட்டிருக்கிறேன். எந்தக் காகிதத்தில் போடுவது என்று புதன்கிழமை ஜெபக்கூட்டம் முடிந்ததும் முடிவு சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். அந்த மஞ்சள் சட்டை எனக்கும் ஒன்று கொடுத்திருந்தார்கள். துவைத்து வைத்திருக்கிறேன். புதன்கிழமை அதைப் போட்டுக்கொண்டு அவருக்கு நேர் முன்னால் உள்ள வரிசையில், என் முதுகு அவர் கண்ணில் படும்படி உட்காரப் போகிறேன்.

கர்த்தர் உங்கள் இருவரையும் காப்பாராக.

உன் அம்மா,
வில்லா
போமாண்ட், டெக்சஸ்