சத்தமில்லாமல் அழுத பிள்ளை

அடுப்பில் புழுங்கலரிசி கொதித்து, அதன் வாடை முன்கூடம்வரை வந்துவிட்டது. ஒரு காலத்தில் இந்த வாடைக்கு முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டவள் நான். என் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரித்தவள் நீதானே. போன வாரம் ஊரிலிருந்து கப்பலில் வந்த ஒருவர், நீ கண்ணை மூடிவிட்டாய் என்று சொன்னார். அன்றிலிருந்து உலை வைக்கும்போதெல்லாம் உன்னோடுதான் பேச்சு. வாய்விட்டுப் பேசினால் பைத்தியம் என்பார்கள், அதனால் எழுதுகிறேன்.

மலாயாவில் இந்தக் கூலாய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் என் வீட்டுக்காரர் அப்போதும் கணக்கெழுதும் கிராணிதான். நீ கூலியாட்களின் லயத்தில் ஒரு வரிசை வீட்டில் இருந்தாய். காலையில் பால்மரம் வெட்டிவிட்டு, மத்தியானம் உன் கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் குழந்தையைக் குளிப்பாட்ட வருவாய். லயத்தில் எல்லோருக்கும் தோட்டத்தில் கொடுக்கும் பழுப்புப் புழுங்கலரிசி. கிராணி வீட்டில் அதைச் சமைத்தால் மதிப்பு என்னாவது? எங்களுக்கு டவுன் கடையிலிருந்து வெள்ளைவெளேரென்று சயாம் பச்சரிசி வரும். தண்ணீர் தெளியும்வரை அதைக் கழுவுவேன், கஞ்சியையும் வடித்துக் கொட்டுவேன். பிள்ளை பெற்ற பத்தியம் வேறு. கீரை குளிர்ச்சி, பயறு வாயு என்று ஒதுக்கிவிட்டு, அந்த வெள்ளைச் சோறும் மிளகு ரசமும் சுட்ட கருவாடுமே சாப்பிட்டேன். கால் மரத்தது, பாதம் வீங்கியது. பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மூத்தவன் மூன்றாம் மாதத்தில் போனவன். கண் பட்டுவிட்டது என்றார்கள், நானும் நம்பினேன். அதனால் இந்தப் பெண்ணுக்கு மூன்றாம் மாதம் பிறந்ததும் கன்னத்தில் பெரிய மைப்பொட்டாக வைத்து, நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். பாலைக் கக்கினாள், ஆனால் அழவில்லை. எவ்வளவு சமர்த்து என்று உன்னிடம் பீற்றிக்கொண்டேன். உன் பையன் லயமே அதிரக் கத்துகிறானே, என் பெண்ணைப் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்றுகூடச் சொன்னேன். நீ அவளைக் காலில் போட்டுக்கொண்டு முகத்தையே பார்த்தாய். வாய் அகலத் திறந்திருந்தது, நெற்றி சுருங்கியிருந்தது.

"அம்மா, புள்ள அழுவுது. சத்தந்தான் வரல."

எத்தனை நாளாக அழுதுகொண்டிருந்தாளோ, நான் சமர்த்து என்று கொஞ்சிக்கொண்டிருந்திருக்கிறேன். காய்கறித் தோட்டத்துச் சீனர் வீட்டுக் குழந்தைக்கும் இப்படித்தான் தொண்டை அடைத்தது என்று சொல்லிக்கொண்டே, அவளை ஈரத்துணியோடு தூக்கிக்கொண்டு தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினாய். வீங்கிய காலோடு நான் பின்னால் ஓடினேன். அங்கே மருந்து கொடுக்கும் டிரசர் என் முழங்காலுக்குக் கீழே விரலால் அழுத்தினார். குழி விழுந்தது, எழவே இல்லை. நான் என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார். சொன்னேன். புழுங்கலரிசியில் தங்கும் சத்து தீட்டிய பச்சரிசியில் தவிட்டோடு போய்விட்டது, மிச்சத்தை நானே கழுவிக் கொட்டிவிட்டேன், என் பாலில் ஒன்றுமில்லை என்றார். தவிட்டை ஊறவைத்து வடித்த தண்ணீரைக் கரண்டியால் அவளுக்குப் புகட்டினார். என் உடம்பு தேறும்வரை வேறு யாராவது பால் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு உன்னைப் பார்த்தார்.

வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும் என்று நான் இழுத்தேன்.

"கேட்டுட்டு வாங்க. அதுக்குள்ள ஒரு வாய் குடிக்கட்டும்" என்றாய் நீ. நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அவள் உன் மார்பில் இருந்தாள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உனக்குத் தேத்தண்ணி ஊற்ற என் பின்வாசலில் தனியாக ஒரு தகரக் குவளை தொங்கியது. என் மகள் உன் பாலைக் குடித்த நாட்களிலும் அது தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அதைக் கழற்ற எனக்கு இன்னும் சில மாதங்கள் ஆயின. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

உன் பானையிலிருந்து வந்த புழுங்கல் சோற்றைப் பாசிப்பயறோடும் முருங்கைக்கீரையோடும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தின்றேன். ஒன்பதாம் நாள் அடுப்படியில் இருந்தபோது கூடத்தில் ஒரு சத்தம். எண்ணெய் காணாத கதவு போலக் கீச்சென்று கேட்டது. ஓடிப் பார்த்தால் அவள்தான், உன் மடியில் கிடந்து கை காலை உதைத்து அழுகிறாள். நான் தரையில் உட்கார்ந்து அவளைவிடப் பெரிதாக அழுதேன். நீ சிரித்தாய்.

"இனிமே உங்க தூக்கம் போச்சுங்கம்மா."

போனது வாஸ்தவம். அப்படி விழித்திருந்ததுபோல் சுகம் பிறகு எனக்கு வாய்க்கவில்லை. மூத்தவனுக்கும் அந்தச் சத்தில்லாத பாலைத்தானே கொடுத்தேன் என்ற நினைப்பு வரும்போது மட்டும் அந்த வெள்ளைச் சோறு நெஞ்சில் வந்து நிற்கும்.

ரப்பர் விலை விழுந்து ஆட்களை ஊருக்குக் கப்பலேற்றியபோது நீயும் போய்விட்டாய். அதன் பிறகு இந்த வீட்டில் பச்சரிசி பொங்கலுக்கு மட்டும்தான். லயத்தில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் பாசிப்பயறோடு போய் நிற்கிறேன். கிராணியம்மாவுக்கு வேறு வேலை இல்லை என்று சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

இதோ, கொல்லையில் உன் பால் குடித்தவள் தன் தம்பியோடு சண்டை போடுகிறாள். அவள் கத்தல் ஆபீஸ்வரை கேட்கும். பொம்பளைப் பிள்ளைக்கு இவ்வளவு சத்தமா என்று அவள் அப்பா அதட்டுகிறார். நான் எத்தனையோ விஷயத்துக்கு அவளைத் திட்டியிருக்கிறேன். சத்தம் போடாதே என்று மட்டும் ஒரு நாளும் சொன்னதில்லை, அக்கா.