கம்பியில் சிக்கிய பலூன்

அன்பு மகள் யெசெனியாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, அலாஸ்கா குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் சுகமாக இருக்க வேண்டும். எலுமிச்சை இந்த வருஷம் நிறையக் காய்த்தது, பறிக்கத்தான் தோன்றவில்லை, உதிர்ந்து கிடக்கிறது. பக்கத்து வீட்டு கிரேசியேலா வாரம் இரண்டு தரம் சோளமாவில் அவித்த தமாலே கொண்டுவந்து தருகிறாள், சாப்பிடுகிறேன், ருசி தெரியவில்லை என்று அவளிடம் சொல்லவில்லை. உன்னிடமும் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன் மகளே. அம்மா தூக்கத்தில் போய்விட்டாள் என்று சொன்னேன் அல்லவா, அது பொய். ஜூனில், பள்ளிக்கூடப் பட்டமளிப்பு வாரம், நம் பலூன் கடையில் மூச்சுவிட நேரமில்லை. மத்தியானம் யாரோ கைநழுவவிட்ட ஜிகினாத்தாள் பலூன் ஒன்று நம் தெரு மின்கம்பியில் சிக்கி, அந்தத் தாளில் மின்சாரம் பாய்ந்து வெடித்து, தெரு முழுக்க மின்சாரம் போனது. வீட்டில் அம்மாவின் ஆக்ஸிஜன் மெஷின் நின்றுவிட்டது. மாற்று சிலிண்டர் கட்டிலிலிருந்து எட்டடியில்தான் இருந்தது, அவளால் எழுந்து போக முடியவில்லை. மூன்று தரம் என்னைப் போனில் கூப்பிட்டிருக்கிறாள். நான் கடையின் பின்னறையில் பலூனுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன், போன் முன்பக்கம் மேஜையில் கிடந்தது. அந்தப் பலூன் நம் கடையில் வாங்கியதா என்று கம்பியைச் சரிசெய்தவர்களிடம் கேட்டேன், கருகிவிட்டது, எதுவும் தெரியவில்லை என்றார்கள்.

போன செவ்வாய்க்கிழமை நகரசபையில் ஜிகினாத்தாள் பலூன்களைத் தடை செய்வது பற்றி விவாதம். முப்பது வருஷமாகக் கடை வைத்திருப்பவன் என்று, கடைக்காரர்கள் சார்பில் பேச என்னைத்தான் அனுப்பினார்கள். எதிர்க்கடை கசிமிரோ ஒரு தாளில் எழுதியே கொடுத்தான், பலூனைப் பறக்கவிட்டவன் தப்புக்கு விற்றவன் என்ன செய்வான் என்று கேட்கச் சொன்னான். நியாயமான கேள்விதான். தாளைப் பிரித்தேன், படிக்கவில்லை. அம்மா பேரைச் சொன்னேன், மின்சாரம் போன நேரத்தைச் சொன்னேன், மூன்று தரம் கூப்பிட்டதைச் சொன்னேன். தடை செய்யுங்கள் என்று முடித்தேன். சபையின் பெண் உறுப்பினர் ஒருத்தர் உங்கள் கடை என்ன ஆகும் என்று கேட்டார். பாதி வியாபாரம் போய்விடும் என்றேன், வேறு யாருடைய கடையைப் பற்றியோ சொல்வது போலத்தான் இருந்தது. ஒரு ஓட்டு வித்தியாசத்தில் தடை நிறைவேறியது, ஜனவரியிலிருந்து அமல். வெளியே கசிமிரோ சண்டைக்கு வருவான் என்று நினைத்தேன். “முன்னாடியே எங்கிட்ட சொல்லியிருக்கலாமேண்ணே” என்றான், அவ்வளவுதான். என்னை வீடுவரை காரில் கொண்டுவந்து விட்டான்.

மறுநாள் காலை ஒரு பெண் வந்தாள், உன் வயசுதான் இருக்கும். மகளுக்குப் பதினைந்து வயது விழா, ஜிகினாத்தாளில் ஒன்று, ஐந்து என்ற எண் வடிவப் பலூன்கள் வேண்டும் என்றாள். ஜனவரிக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. காற்றடித்தேன், மேலே போகாமல் இருக்கக் கயிற்றில் கனம் கட்டினேன், பறக்க விட்டுவிடாதேம்மா என்றேன், சரி என்று சிரித்துக்கொண்டே வாங்கிப் போனாள். என் கை நடுங்கும் என்று நினைத்தேன். நடுங்கவில்லை. அதுதான் இந்த ஒரு வாரமாக என்னை உறுத்துகிறது, அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

சின்னவளுக்குக் காதை மூடித் தொப்பி போட்டு அனுப்பு. குவாதலூப்பே மாதா உங்கள் மூவரையும் காக்கட்டும். என் மேல் கோபம் வந்தால் திட்டி எழுது, எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் அப்பா,
எவரார்தோ