கட்டைவிரல் காலமான நவம்பர்

நவ. 5, புதன்
காலையிலிருந்து தூறல். வேலை: பென்ஷனுக்கு உயிர்வாழ் சான்று. சேலையூர் இ-சேவை மையம். ரேகைக் கருவியில் கட்டைவிரலை வைத்தேன். சிவப்பு விளக்கு. ஆள்காட்டி விரல், சிவப்பு. பத்து விரலும் டெபாசிட் இழந்த வேட்பாளர்கள் போல வரிசையாகத் தோற்றன.

கவுன்ட்டர் பெண் என் கையைத் திருப்பிப் பார்த்தாள். "தோலெல்லாம் உரிஞ்சு கிடக்கு அங்கிள். ரேகையே எடுக்கல."

ஆக, அரசாங்கத்தின் கண்ணில் நான் காலமாகிவிட்டேன். முகத்தைக் காட்டினால் போதும் என்று ஒரு செயலி உண்டாம். என் கைபேசி என்னைவிட மூத்தது, அதில் ஏறாது.

காரணம் தெரியும். ரிடையர் ஆனதிலிருந்து வீட்டில் பாத்திரம் தேய்க்கும் இலாகா என்னுடையது. சோப்புக்கட்டியோடு தினம் மல்யுத்தம். விரல் நுனிகள் சித்திரை மாதத்து ஏரி.

நவ. 6
பழைய தோலைச் சுத்தமாக அகற்றினால் புதுத் தோல், புது ரேகை. உலகில் யாருக்கும் தோன்றாத யோசனை. கல் உப்பு, எலுமிச்சை, கால் தேய்க்கும் கல். என் முனகல் குரோம்பேட்டை வரை கேட்டிருக்கும்.

மனைவி சரோஜா எட்டிப் பார்த்தாள். "திருடன்கூட இவ்ளோ சிரத்தையா ரேகையை அழிக்க மாட்டான்."

நவ. 7
மழை. விரல்கள் தக்காளி. சட்டைப் பட்டன் போட முடியவில்லை. சாம்பார் சாதம் ஸ்பூனில், கவர்னர் போல.

இந்த மாதம் சான்று போகாவிட்டால் பென்ஷன் நிற்கும். சரோஜாவின் மருந்து, வீட்டு வாடகை எல்லாம் அதில்தான். ரேகையை நிஜமாகவே அழித்துவிட்டேனோ? வேடிக்கையாக எழுத வரவில்லை.

நவ. 8, சனி
கேம்ப் ரோடு. தோல் டாக்டர், இளம் பெண்மணி. கல்லைப் பற்றிச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சார், உரிக்கிறதுக்கு இது வெங்காயம் இல்ல. ரேகை எங்கயும் போகல. நீங்க சும்மா விட்டா அதுவே மேல வரும்."

எங்கும் போகவில்லையாம். அந்த அம்மாளுக்குக் கோயில் கட்டலாம்.

உத்தரவு: சிவப்பு ஆறும்வரை தேய்ப்பே கூடாது. பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறல். ஈரமான மெல்லிய துணியால், குழந்தையின் கன்னம் துடைப்பது போல. வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை, போதும். எரிந்தால் நிறுத்து. ஈரம் காயுமுன் க்ரீம். உப்பும் எலுமிச்சையும் ஊறுகாய்க்கு மட்டும். பாத்திரத்துக்குக் கையுறை.

நவ. 15
வெயில். முழங்கை வரை ஆரஞ்சுக் கையுறை. வாணலிக்கு இருதய ஆபரேஷன் செய்தேன், பிழைத்துக்கொண்டது. சிவப்பு போயிற்று. எரிச்சல் இல்லை. துணியால் லேசாகத் துடைத்ததில் செதில் தானாக வந்தது.

டி.வி. பார்த்தபடியே சரோஜா க்ரீம் தடவிவிட்டாள். "கல்யாணத்துல பிடிச்சப்பகூட இந்தக் கை இப்படி மெத்துன்னு இல்ல." இன்னொரு கையையும் நீட்டினேன்.

நவ. 20, வியாழன்
மையத்தில் கூட்டம். க்ரீம் போகக் கையை நன்றாகக் கழுவித் துடைத்துப் போனேன். அதே பெண். கட்டைவிரல். மூச்சை நிறுத்திக்கொண்டேன்.

பச்சை.

இன்னொரு தடவை வைக்கட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம் அங்கிள். ஒரு தடவை உயிரோட இருந்தா போதும்."