திருப்பிப் போட்ட ஜப்லா

அக்கா, நீங்கள் தைத்த ஜப்லாவை இன்று காலை என் மகள் பீரோவின் அடித்தட்டிலிருந்து இழுத்து எடுத்துவிட்டாள். பால்வாடி போகிற பெண்ணுக்கு அது தலைக்குள் நுழையுமா? தொப்பியாக மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்று சிரிக்கிறாள். வாங்கி முகர்ந்து பார்த்தேன். எத்தனையோ முறை துவைத்த பிறகும் மெஷின் எண்ணெய் வாசம் போகவில்லை. ஒருவேளை அது என் கை வாசமாகவும் இருக்கலாம்.

பனியன் கம்பெனியில் நம் தையல் லைனில் யாருக்குக் குழந்தை பிறந்தாலும் முதல் ஜப்லா உங்கள் கையால்தான். கட்டிங்கில் மிஞ்சிய மெத்தென்ற துணியைக் கேட்டு வாங்கி, பிஞ்சு உடம்பில் உரசாமல் தையல் வெளிப்பக்கம் வரும்படி தைப்பீர்கள். பிறப்பதற்கு முன்னால் துணி தைக்கக் கூடாது என்பதில் மட்டும் படு கறார். எனக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் குழந்தை இல்லை. என் முன்னால் மற்றவர்கள் ஜப்லா பேச்சையே எடுக்க மாட்டார்கள். நீங்களோ சாப்பாட்டு நேரத்தில் எல்லோர் காதிலும் விழும்படி, "உன்ற புள்ளைக்கித் தெச்சுக் குடுக்காம நான் போவ மாட்டேன் கண்ணு" என்பீர்கள். எரிச்சலாகவும் இருக்கும், ஆசையாகவும் இருக்கும்.

விருதுநகர்ப் பக்கமிருந்து திருப்பூருக்கு வந்து இறங்கிய எனக்கு முதலில் கிடைத்தது உங்களுக்குக் கைமடி வேலை. தைப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து வெட்டிய துண்டுகளை வரிசையாக எடுத்துக் கொடுத்து, தைத்ததை மடித்து அடுக்க வேண்டும். என் 'அங்கிட்டு இங்கிட்டு' கேட்டு நீங்கள் சிரிப்பீர்கள். உங்கள் 'அக்கட்டால போ' கேட்டு நான் சிரிப்பேன். "உங்க பேச்சு எனக்கு ஒட்டவே ஒட்டாதுக்கா" என்றால், "ஒட்டும், ஒட்டும்" என்று நூலைக் கடிப்பீர்கள். பிறகு நானும் தைக்கப் பழகி, உங்களுக்கு அடுத்த மெஷினில் உட்கார்ந்தேன்.

அப்புறம் ஒரு சமயம், தோளை இணைப்பதற்கு முன்பே கழுத்துப் பட்டையை வைத்துத் தைக்க ஆரம்பித்தீர்கள். ஒரு நாள் என்றால் கவனப் பிசகு என்று விடலாம். தைத்தது கட்டுக் கட்டாகப் பிரிக்கத் திரும்பி வந்தது. நடக்கையில் காலும் தரையோடு இழுத்தது. "வயசாச்சுல்லங்க, மறதி" என்றார் உங்கள் மகன். எனக்கு அதுதான் குழப்பம். யார் குழந்தைக்கு என்ன பெயர், எந்த நிறத்தில் ஜப்லா தைத்தீர்கள் என்பதெல்லாம் உங்கள் நாக்கு நுனியில் இருந்ததே! ஷிப்மென்ட் டென்ஷன் என்று சொல்லிக்கொண்டோம். திருப்பூரில் பாதி நோய்க்கு அந்தப் பெயர்தானே.

கடைசியில் நானும் உங்கள் மகனும் உங்களை நரம்பு டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனோம். அவர் மூன்று வார்த்தை சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார். கடகடவென்று சொல்லிவிட்டு, "இன்னும் ரெண்டு குடுங்க" என்றீர்கள். அவர் சிரித்துக்கொண்டே, "ஒரு டி-ஷர்ட் எப்படித் தைப்பீங்கம்மா? வரிசையாச் சொல்லுங்க" என்றார்.

"மொதல்ல கீழ மடிச்சு அடிக்கோணுமுங்க. அப்பறம் கழுத்து..." நிறுத்தி என்னைப் பார்த்தீர்கள். "கையி எப்ப கண்ணு வரும்?"

டாக்டரம்மா அதைக் குறித்துக்கொண்டார்.

ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை இருந்தது, பிரஷர் எக்கச்சக்கம். ஸ்கேனுக்குக் கொடுத்த அங்கியைப் போட மாட்டேன் என்றீர்கள். "கக்கத்துல தையலு பிரிஞ்சிருக்குது. இத யாருங்க செக்கிங்ல உட்டது?" நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு அங்கி தேடிக் கொண்டுவந்தார்.

மூளைக்குப் போகிற சின்ன ரத்தக் குழாய்களில் அங்கங்கே அடைப்பு, வாஸ்குலர் டிமென்ஷியா என்றார் டாக்டர். இந்த நோயில் ஞாபகத்துக்கு முன்னால் வேலைகளின் வரிசை குழம்புவது உண்டாம்.

"பிரிச்சுத் தெக்க முடியாதுங்களா?" என்று கேட்டீர்கள்.

"முடியாதுங்கம்மா. மேல பிரியாமப் பாத்துக்கலாம்" என்றார்.

பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை, உப்பைக் குறைப்பது, தினமும் நடப்பது, சும்மா முடங்காமல் இருப்பது. எதையும் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள் என்று உங்கள் மகனிடம் சொன்னார். கொஞ்ச காலம் ஒரே மாதிரி இருக்கும், திடீரென்று ஒரு படி இறங்கும், எப்போது என்று சொல்ல முடியாதாம்.

அடுத்த மாதமே எனக்கு நாள் தள்ளிப் போனது! சொன்னதும் நீங்கள் அடித்த விசிலில் லைனே திரும்பிப் பார்த்தது. எனக்குச் சந்தோஷத்தோடு பயமும் வந்தது.

"யக்கா, இப்பவே தச்சிருங்களேன்" என்று கெஞ்சினேன்.

"அதெப்புடி? பொறக்கட்டும்."

"அதுக்குள்ள..." என்று ஆரம்பித்து வாயை மூடிக்கொண்டேன். உங்களுக்குப் புரிந்துவிட்டது. "உன்ற புள்ளைக்காவ மாத்தரை முழுங்கறேன். போதுமா?" என்றீர்கள்.

முழுங்கினீர்கள். உப்பில்லாத குழம்பைத் திட்டிக்கொண்டே தின்றீர்கள். மெஷினை விட்டுப் பிசிறு வெட்டும் மேசைக்குப் போய் அங்கேயும் ஊர்க்கதை அளந்தீர்கள். சாயங்காலம் கம்பெனி மதிலைச் சுற்றி நடப்போம். நீங்கள் காலை இழுத்துக்கொண்டு, நான் வயிற்றைத் தூக்கிக்கொண்டு. யார் யாரைப் பிடித்துக்கொண்டு நடந்தோம் என்று பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்காது.

என் ஏழாம் மாதத்தில் நீங்கள் ஒரு படி இறங்கினீர்கள். பேச்சு குழறியது, கம்பெனிக்கு வருவதும் நின்றது. அன்று அழுததுபோல் நான் பிரசவத்தில்கூட அழவில்லை.

மகள் பிறந்து முப்பது நாள் கழிந்ததும் குழந்தையோடும் வெட்டிய துண்டுகளோடும் உங்கள் வீட்டுக்கு வந்தேன். மெஷின் முன்னால் உட்கார்ந்து கையை மடியில் வைத்துக்கொண்டு, "என்ன பண்ணோணும்?" என்று கேட்டீர்கள்.

"நான் எடுத்துக் குடுக்கேன்க்கா" என்று பழையபடி கைமடியாகப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தோளைக் கொடுத்தேன். சர்ரென்று ஓடியது, நூல் பிடித்ததுபோல் நேர்க்கோடு. கழுத்து. கை. பக்கம். ஒவ்வொன்றாகக் கொடுக்கக் கொடுக்க, உங்கள் கைக்கு எதுவும் மறக்கவே இல்லை. முடித்து நீங்கள் நீட்டியபோதுதான் பார்த்தேன். தையல் முழுக்க உள்பக்கம்! தூக்கமில்லாத தலை, கம்பெனிப் பழக்கத்தில் துண்டுகளை மாற்றி வைத்துக் கொடுத்திருக்கிறேன். இத்தனை மாதம் காத்திருந்து இப்படிக் கெடுத்தேனே என்று எனக்குப் பொலபொலவென்று கண்ணீர்.

நீங்கள் குழந்தையைப் பார்த்தீர்கள், ஜப்லாவைப் பார்த்தீர்கள். உள்ளே கையை விட்டு ஒரே இழுப்பு.

"இதுக்கா அழுவற? திருப்பிப் போடு கண்ணு."

தையல் வெளியே வந்துவிட்டது. போட்ட கையோடு அவள் அதை நனைத்தும் விட்டாள். "புடிச்சுப் போச்சாட்ட இருக்குது" என்று குழறலாகச் சொல்லிவிட்டு நீங்கள் சிரித்த சிரிப்பில் உங்கள் மருமகள் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

போன ஆடியில் ஒரேயடியாக இறங்கிப் போய்விட்டீர்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டுத்தான் போனீர்கள். அந்த நிறைவில்தான் என் துக்கமும் சிரித்த முகமாக இருக்கிறது.

இன்று காலை அவள் தானே கவுனை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். முழுக்கத் திருப்பிப் போட்டு, பிசிறெல்லாம் வெளியே தொங்க, முகமெல்லாம் பெருமை. சரிசெய்யப் போன கையை இழுத்துக்கொண்டு அப்படியே கூட்டிப் போனேன். பால்வாடி ஆயா, "ஏனுங்க, புள்ள கவுனத் திருப்பிப் போட்டிருக்குதுங்க?" என்றார்.

"ஆமாங்க, தையலு வெளியதான் இருக்கோணுமுங்க" என்றேன்.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. ஒட்டிவிட்டதுக்கா.