அஞ்சலையக்கா சுருக்கிய லேபிள்

12 ஆகஸ்ட் 1964, புதன்

காலையில் லேப் அலமாரியில் ஒரு பாட்டிலின் மேல் HO என்று எழுதியிருந்தது. அஞ்சலையக்காவின் கையெழுத்து. கான்ட்ராக்டில் பாட்டில் கழுவுபவர். மங்கிய லேபிள்களைத் திரும்ப எழுதுவதும் அவர்தான். பெர்மனென்ட் ஆகப் பரீட்சை எழுதப்போகிறார் என்பதால் சாப்பாட்டு நேரத்தில் நான் வேலன்சி, அதாவது அணுக்கள் ஒன்றோடொன்று சேரும் கணக்கு, சொல்லிக்கொடுக்கிறேன்.

"என்னக்கா இது? ஹைட்ரஜன் பெராக்சைடு H₂O₂ ஆச்சே?"

"நீங்கதானே தம்பி சொன்னீங்க? கால்சியத்துக்கு ரெண்டு, சல்பேட்டுக்கு ரெண்டு, மாத்திப் போட்டு, சுருக்கி, CaSO₄னு எழுதணும்னு. இங்கயும் ரெண்டும் ரெண்டும் சும்மா நின்னுகினு இருந்துச்சு. சுருக்கிட்டேன்."

சிரித்துவிட்டேன். அந்த விதி உப்புகளுக்குத்தான் என்றேன்.

"இதுக்கு மட்டும் ஏன் ஆவாது?"

எனக்குத் தெரியவில்லை. "பரீட்சையில இதெல்லாம் கேக்க மாட்டாங்கக்கா" என்று தப்பித்தேன். அவர் முகம் வாடிவிட்டது. இரண்டுகளைத் திரும்பப் போட்டார்.

அப்போதிலிருந்து அதே நினைப்பு. ஹைட்ரஜனுக்கு ஒன்று, ஆக்சிஜனுக்கு இரண்டு. மாற்றிப் போட்டால் H₂O, தண்ணீர்தான் வருகிறது. அப்படியானால் இந்தக் கூடுதல் ஆக்சிஜன் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது?

வேலன்சியைக் கை என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஆக்சிஜனும் ஒரு கையால் ஒரு ஹைட்ரஜனைப் பிடித்தால் மறு கை மிச்சம். மிச்சமான அந்த இரண்டு கைகளும் ஒன்றையொன்று பிடித்திருந்தால்? அப்படியென்றால் அவற்றைச் சுருக்க முடியாது, பிய்க்கத்தான் முடியும்.

நாளை முதலில், சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். அப்புறம் இந்தக் கைகளை வரைந்து காட்டி, சரியா என்று அக்காவையே கேட்க வேண்டும்.