ஊக்கு காட்டிய வடக்கு

காளவாசல், மதுரை
சனிக்கிழமை மாலை

அன்பு மகள் அஸ்வினிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நல்ல சுகத்தோடும் கொஞ்சம் வெயில் எரிச்சலோடும் இருக்கிறோம். நீயும் அந்தக் குளிரில் சளி, காய்ச்சல் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்பியே எழுதுகிறேன். இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, தாலிச் சங்கிலியில் மாட்டி வைத்திருந்த ஊக்குகளை எல்லாம் கழற்றிக் கண்ணாடி முன்னால் வைத்தேன். பிறகு ஹேர்பின்களையும் எடுத்தேன். ஊக்கு இல்லாமல் எனக்குச் சேலை நிற்காது என்பதால் நீ எடுத்துக்கொடுத்துப் பிரிக்காமலே கிடந்த சுடிதாரைப் போட்டுக்கொண்டு வந்து ஸ்கூட்டரில் உட்கார்ந்தேன். எந்தக் காலேஜுக்குத் தாயி, கட்டணம் நான் கட்டணுமா என்று அப்பா கேட்டார். கீழக்குயில்குடி தாண்டி நம் கடலைக்காட்டுப் பாறைக்குப் போய்ச் சேரும்வரை அதையே சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார்.

மதியம் நான் அனுப்பிய அளவுகளையும் படங்களையும் பார்த்து நீயும் சிரித்துவிட்டாய். ஆனாலும் போனில் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிடுவார், எல்லாவற்றையும் அதில் சொல்ல முடியாது. அதனால்தான் பருப்புப்பொடி பார்சலோடு இந்தக் கடிதமும் வருகிறது. பொங்கல் லீவில் நீ சொன்னபடிதான் எல்லாம் செய்தேன் அஸ்வினி. கரும்பாறை கொதித்து ஆறியபோது பூமியின் காந்தம் எந்தப் பக்கம் இருந்ததோ அந்தத் திசையைக் கல் இன்னும் உள்ளுக்குள் பிடித்து வைத்திருக்கும், ஆனால் பாறையில் அது எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது என்ற குறி இல்லாவிட்டால் வெறும் கல்தான் என்று நீ எத்தனை தடவை சொன்னாய். ஒவ்வொரு இடத்திலும் திசைகாட்டியை வைத்து, குனிந்து பார்த்து, வடக்குப் பக்கமாக நெயில் பாலிஷில் கோடு போட்டு, உடைக்கப்போகும் கல்லைத் தாண்டித் தாய்ப்பாறையிலும் அந்தக் கோட்டை இழுத்துவிட்ட பிறகுதான் கல்லுடைக்க வந்த மருதுவைச் சம்மட்டி போடச் சொல்லி, உடைந்த கற்களை உன் லேபுக்கு அனுப்பினேன். போன வாரம் நீ போனில், கல்லெல்லாம் ஒன்னுக்கொன்னு சம்பந்தம் இல்லாத திசையைக் காட்டுதும்மா, கைடு என் தீசிஸ்ல இருந்து மதுரை அத்தியாயத்தையே எடுத்துரச் சொல்றாரு, பரவாயில்ல, எல்லாத்தையும் விட்டுட்டு ஊருக்கே வந்துர்றேன் என்றாயே, அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நேற்று சாயங்காலம் டீயை வைத்துக்கொண்டு அந்தத் திசைகாட்டியையே பார்த்துக்கொண்டு இருந்தேன். மேஜையில் சிந்தியதைத் துடைக்கக் குனிந்தேன், ஊசி அசைந்து என்னைப் பார்த்தது. நிமிர்ந்தேன், வடக்குக்குப் போனது. மறுபடி குனிந்தேன், மறுபடி என் பக்கம் வந்தது. கழுத்திலிருந்து தொங்கிய சங்கிலியும் அதில் கொத்தாக ஊக்கும்! காந்த ஊசிக்குப் பக்கத்தில் இரும்பு இருக்கக் கூடாது என்று வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு நடத்துகிற பிசிக்ஸ் டீச்சர் நான். என் வகுப்புக்குத் தெரிந்தால் என்ன ஆகும் சொல்.

நல்லவேளை, தாய்ப்பாறையில் கோடுகள் அழியாமல் இருந்தன. ஸ்கூட்டரைத் தூரமாக நிறுத்தச் சொல்லிவிட்டு, கோட்டுக்கும் நிஜ வடக்குக்கும் எவ்வளவு விலகல் என்று கோணமானி வைத்து ஒவ்வொன்றாக எடுத்தேன். நான் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாகக் குனிந்திருக்கிறேன், விலகலும் அப்படியே. ஆடு மேய்க்க வந்த செல்லக்கிளி நின்று பார்த்துவிட்டு, என்னக்கா, பாறைக்கு ஜாதகம் பாக்குறீகளா, கல்யாணம் எப்ப என்றாள். கிழக்கு ஓரத்தில் மட்டும் ஒரு இடம் என்னைப் படுத்தியது. ஊக்கும் இல்லை, ஒன்றும் இல்லை, ஆனாலும் திசைகாட்டியைப் பாறையில் வைத்தால் ஊசி தெற்கே திரும்புகிறது, இடுப்பு உயரத்துக்குத் தூக்கினால் வடக்குக்கு வருகிறது. பக்கத்தில் கரிந்த பனைமுண்டம் ஒன்று நின்றது. செல்லக்கிளியிடம் கேட்டேன். ஐப்பசியில இடி விழுந்துச்சுல்லக்கா, வெளிச்சத்துல எனக்கே கண்ணு தெரியல, என் ஆடுக ரெண்டு நாளு அந்தப் பக்கமே போகல என்றாள். மின்னல் பாறையில் இறங்கினால் கோடி வருஷமாகப் பிடித்து வைத்திருந்த திசையை ஒரே நொடியில் அழித்துத் தன் காந்தத்தை ஏற்றிவிடும் என்று நீ சொன்னது நினைவுக்கு வந்தது. அந்த ஒரு கல் என் தப்பு இல்லை, வானத்தின் வேலை. அதைத் தூக்கிப் போட்டுவிடாதே, தனியாக வை. மதியம் நீ கணக்கைத் திருத்திப் போட்டு, அம்மா, அது ஒன்னைத் தவிர அம்புட்டும் ஒரே பக்கம் திரும்பிருச்சு என்று கத்தியது அடுப்படி வரை கேட்டது. இனி வீட்டுல ஊக்கு தொலைஞ்சா திசைகாட்டியக் கேட்டாப் போதும் என்கிறார் உன் அப்பா.

அவர் காதில் விழாமல் ஒன்று சொல்ல வேண்டும். ஊருக்கே வந்துவிடுகிறேன் என்று நீ சொன்னபோது பதறிய அதே மனசு உள்ளுக்குள் சந்தோஷமும் பட்டது. மறுநாளே எங்கள் பள்ளித் தாளாளர் யேசுதாஸ் சாரிடம் போய், காலியாகும் பிசிக்ஸ் இடத்தை உனக்காக வைத்திருக்கச் சொன்னேன். ஒங்க பிள்ளைன்னா ஜூன் வரைக்கும் யாரையும் போடல டீச்சர் என்றார். ஒரே பஸ்ஸில் போவோம், ஸ்டாஃப் ரூமில் சேர்ந்து சாப்பிடுவோம் என்று டிபன் பாக்ஸ்கூடப் பார்த்து வைத்துவிட்டேன். அதனால் நேற்று ஊசி என் பக்கம் திரும்பியதும், இதைச் சொல்லாமல் விட்டால் என்ன என்றுதான் முதலில் தோன்றியது. டீ ஆறி ஆடை கட்டும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு நீ கடைசியாகப் பேசிய குரல் நினைவுக்கு வந்தது. அது ஊருக்கு வர ஆசைப்பட்ட குரல் இல்லை, தோற்றுப்போன குரல். அந்தக் குரலோடு நீ பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் எனக்கு என்ன ருசிக்கும்?

ராத்திரி லேபிலேயே படுத்துவிடாதே. தலைக்கு எண்ணெய் வை. பொடியை ஈரக் கரண்டியால் எடுக்காதே. கைடுக்கு என் வணக்கத்தைச் சொல், ஊக்கு விஷயத்தை மட்டும் சொல்லாதே. மீனாட்சி உன்னை நோய்நொடி இல்லாமல் காப்பாற்றட்டும். எடுத்த வேலையை முடித்து மனசு நிறைந்து இரு, கண்ணு.

இப்படிக்கு,
உன் அம்மா
தாமரைச்செல்வி

பி.கு: திங்கட்கிழமை பிரேயர் மணி அடிப்பதற்கு முன்னாலேயே யேசுதாஸ் சாரைப் பார்த்து, என் மகள் வரவில்லை, அந்த இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடப் போகிறேன். அப்பாவிடம்கூட இன்னும் சொல்லவில்லை.